அட்டையை மாற்று, தறியை மாற்றாதே!



மலர்க் குழு அண்ணன்மார் வந்து "நீயும் ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. நட்பைப் பற்றிக் கவிதை எழுத இருபது பேர் இருக்கிறார்கள். தாயைப் பற்றி எழுத முப்பது பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது சி மொழியில் வரும் பங்ஷன் பாயிண்டரைப் பற்றி. சிரிக்காதீங்க! பக்கத்தைப் புரட்டியும் விடாதீங்க. இதில் எங்க அப்பாவும் வருகிறார், எங்க வீட்டுத் தறியும் வருகிறது, நான் கிட்டத்தட்ட கோட்டை விட்ட ஒரு செய்முறைத் தேர்வும் வருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்ஷன் பாயிண்டரை "பரீட்சைக்கு வராது, விட்டுடு" என்று நாம் தாண்டிப் போவது தப்பு. "பங்ஷனைக் கூப்பிட்டாலே புரோகிராம் மெதுவாகிடும்" என்று பயந்து எல்லாவற்றையும் மெயினுக்குள் கொட்டுவது அதைவிடப் பெரிய தப்பு. இந்த இரண்டு தப்பையும் நான் செய்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் செய்முறைத் தேர்வு

போன செமஸ்டரில் எனக்கு வந்த கேள்வி மாணவர் மதிப்பெண் பட்டியல். பதிவு எண் வரிசையில் அடுக்கணும், பெயர் வரிசையில் அடுக்கணும், மொத்த மார்க் வரிசையிலும் அடுக்கணும். ஒரு சீனியர் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்: "பங்ஷன் போடாதே, கால் பண்ணா டைம் வேஸ்ட். எல்லாத்தையும் மெயின்லயே எழுது. மெஷின் வேகமா ஓடும்." அண்ணன் சொன்னால் வேதவாக்கு இல்லையா? மூன்று அடுக்கலுக்கும் மூன்று தனித்தனி லூப் எழுதினேன். எல்லாம் மெயினுக்குள்ளேயே. திரையில் மேலே போய்க்கிட்டே இருக்கு, முடிவே இல்லை. அவுட்புட் வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

எக்ஸ்டர்னல் சார் வந்தார். பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. இப்போ வருகைப் பதிவு சதவீதத்தை வச்சு இறங்கு வரிசையில் அடுக்கிக் காட்டு" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் என்ன செய்தேன்? மூன்றாவது லூப்பைக் காப்பி எடுத்து நாலாவதாக ஒட்டினேன். பதற்றத்தில் ஒரு இடத்தில் மாற்றினேன், இன்னொரு இடத்தில் மாற்ற மறந்தேன். சதவீதம் மட்டும் இடம் மாறியது, பெயர் அங்கேயே நின்றது. ஒருவன் சதவீதம் இன்னொருவன் தலையில்! எங்கே தப்பு என்று தேடத் தேட நேரம் போய்விட்டது. சார் திட்டவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த நாலு லூப்பும் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பாஸ் ஆனேன், தட்டுத் தடுமாறி. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அப்பா சொன்ன விளக்கம்

எங்க வீடு ஆரணிப் பக்கம். அப்பா பட்டுத்தறி நெய்கிறார். அம்மா ராட்டையில் தார் சுற்றுகிறார். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவன் நான்தான். கணிப்பொறி என்றால் அப்பாவுக்கு "டிவி மாதிரி ஒண்ணு, முன்னாடி தட்டுறதுக்குப் பட்டன் இருக்கும்." அவ்வளவுதான்.

அன்று ராத்திரி முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "என்னாடா ஆச்சு?" என்றார். அவருக்கு என்ன புரியப் போகுது என்று நினைத்துக்கொண்டே, "ஒரே வேலையை நாலு விதமா செய்யணும்பா. நாலு தடவை தனித்தனியா எழுதினேன். அது தப்பாம்" என்றேன்.

அப்பா தறிக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார். "போன மாசம் மயில் பார்டர் போட்டேன். இந்த மாசம் மாங்கா பார்டர். தறியையா மாத்துனேன்? அட்டையைத்தானே மாத்துனேன்!"

எனக்குப் பொறி தட்டியது நண்பர்களே. தறி அதே தறி. பாவு அதே பாவு. மிதியை மிதித்தால் ஒரு அட்டை முன்னால் வருகிறது. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே ஏறுகிறது, ஓட்டை இல்லாத இடத்தில் ஏறவில்லை. கோர்த்து வைத்த அட்டைக் கட்டைக் கழற்றிவிட்டு வேறு கட்டை மாட்டினால் வேறு டிசைன். ஒரு டிசைனுக்கு ஒரு தறி என்று வாங்கினால் எங்க குடும்பம் என்றைக்கோ தெருவுக்கு வந்திருக்கும். நான் மெயினுக்குள் செய்தது அதைத்தான். மூன்று தறி வாங்கினேன், நாலாவது தறி வாங்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இந்த அட்டைத் தறியைப் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துக்காரர் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கினார். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், 1830-களில் தான் திட்டமிட்ட அனலிட்டிக்கல் எஞ்சினுக்கு அட்டை மூலம் கட்டளை கொடுக்கலாம் என்று யோசித்தார். ஆக, நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குக் கணிப்பொறி அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. நம்ம வீட்டு உத்திரத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துத்தான் அவங்க ஆரம்பித்தாங்க!

அப்படி என்னதான் இருக்கு அதில்?

பாயிண்டர் என்றால் முகவரி. நமக்குத் தெரியும். ஒரு இன்டிஜர் மெமரியில் எங்கே இருக்கிறது என்று சொல்வது இன்டிஜர் பாயிண்டர். நாம் எழுதும் பங்ஷனும் கம்பைல் ஆன பிறகு மெமரியில் ஒரு இடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறது? அது ஆரம்பிக்கும் இடத்தின் முகவரியை வைத்திருப்பதுதான் பங்ஷன் பாயிண்டர். வேறு மாயமந்திரம் எதுவும் இல்லை.

எழுதும் முறைதான் கொஞ்சம் பயமுறுத்தும். இன்ட் என்று போட்டு, பிராக்கெட்டுக்குள் ஸ்டார் போட்டு பாயிண்டர் பெயர், அதற்கப்புறம் இன்னொரு பிராக்கெட்டுக்குள் அந்தப் பங்ஷன் வாங்கும் ஆர்க்யூமென்ட்களின் வகை. முதல் பிராக்கெட்டை மறந்துவிட்டால் அர்த்தமே மாறிப்போகும். "இன்டிஜர் பாயிண்டரைத் திருப்பித் தரும் ஒரு பங்ஷன்" என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு பிராக்கெட்டுக்காக நம்மில் பாதிப் பேர் பாடத்தையே விட்டுவிட்டோம். டைப்டெஃப் போட்டு அந்த வகைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும். பிறகு சாதாரண வேரியபிள் மாதிரியே எழுதலாம்.

இன்னொரு பிராக்கெட் சமாச்சாரம். பங்ஷன் பெயருக்குப் பின்னால் பிராக்கெட் போட்டால் "இப்பவே கூப்பிடு" என்று அர்த்தம். பிராக்கெட் போடாமல் பெயரை மட்டும் எழுதினால் "இதோ அதன் முகவரி" என்று அர்த்தம். ஆர்டுவினோவில் இன்டரப்ட் மாட்டும்போது நம்ம பசங்க அடிக்கடி இங்கேதான் விழுகிறார்கள். பங்ஷன் பெயரை மட்டும் கொடுக்க வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் பிராக்கெட்டும் போட்டுவிட்டு, "ஏன்டா எரர் வருது" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். விலாசம் கேட்ட ஆளிடம், விலாசத்தைக் கொடுக்காமல் வீட்டு ஆளையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் எப்படி?

சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும், பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய சி புத்தகம் 1978-இல் வந்தது. நம்ம நூலகத்தில் இருக்கும். பாயிண்டர் அதிகாரத்தில் பங்ஷன் பாயிண்டருக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமே அடுக்கும் புரோகிராம்தான். வரிகளை எழுத்து வரிசையிலும் அடுக்கலாம், எண் வரிசையிலும் அடுக்கலாம். அடுக்கும் பங்ஷன் ஒன்றே ஒன்று. எதை எதோடு எப்படி ஒப்பிடுவது என்பதை மட்டும் வெளியிலிருந்து பாயிண்டராகக் கொடுக்கிறார்கள். எக்ஸ்டர்னல் சார் கேட்ட கேள்விக்கு விடை, நான் பிறப்பதற்கு எவ்வளவோ வருஷம் முன்பே அச்சாகி அலமாரியில் இருந்திருக்கிறது!

சி-யின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் இருக்கும் க்யூசார்ட் பங்ஷனும் அப்படித்தான். அதற்கு நாலு விஷயம் கொடுக்கணும்: அர்ரே, எத்தனை உறுப்பு, ஒரு உறுப்பு எத்தனை பைட், நாலாவதாக ஒப்பிடும் பங்ஷனின் முகவரி. க்யூசார்ட்டுக்கு மதிப்பெண்ணும் தெரியாது, பெயரும் தெரியாது. "இரண்டில் எது முன்னால்?" என்று நம்ம பங்ஷனைக் கேட்கிறது, நாம் சொல்கிறோம், அது அடுக்குகிறது. தறிக்கு மயிலும் தெரியாது, மாங்காயும் தெரியாது இல்லையா?

நம்ம பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதில் ஒவ்வொரு வகைக் கருவிக்கும், படிக்க ஒரு பங்ஷன், எழுத ஒரு பங்ஷன், திறக்க ஒரு பங்ஷன் என்று முகவரிகளை ஒரு ஸ்ட்ரக்சருக்குள் வைத்திருக்கிறார்கள். "படி" என்று நாம் சொன்னால், அது எந்தக் கருவியோ அதற்குரிய முகவரிக்குப் போகும். இதைப் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டால், நம்ம கையில் இருக்கிற போன் எப்படி வேலை செய்கிறது என்பதையே விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

வீண் அழைப்பு எது?

சரி, அந்தச் சீனியர் அண்ணன் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. பங்ஷனைக் கூப்பிட செலவு உண்டு. ஆர்க்யூமென்ட்டைக் கொண்டுபோய் வைக்கணும், திரும்பி வரவேண்டிய முகவரியைக் குறித்து வைக்கணும், அங்கே தாவணும், முடிந்ததும் திரும்பணும். ஆனால் அது சில கிளாக் துடிப்பு சமாச்சாரம். சின்ன பங்ஷனாக இருந்தால் இன்றைய கம்பைலரே அதை எடுத்து உள்ளே பதித்துவிடும். 1999 ஸ்டாண்டர்டில் இன்லைன் என்ற சொல்லையே சி-யில் சேர்த்தார்கள். அண்ணன் பைசாவை எண்ணிக்கொண்டிருந்தார், ரூபாய் வேறு ஓட்டை வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டை எது? ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான்.

ஒரு ஸ்ட்ரிங்கில் எழுத்து எழுத்தாகப் போகும் ஃபார் லூப் எழுதுகிறோம். நடுவில் உள்ள கண்டிஷனில் "ஐ என்பது ஸ்டர்லென்னை விடக் குறைவா" என்று போடுகிறோம். நம்மில் யார் போடவில்லை? நானும் போட்டேன். ஸ்டர்லென் எப்படி நீளம் சொல்கிறது? முதல் எழுத்திலிருந்து கடைசியில் இருக்கும் பூஜ்யம் வரைக்கும் நடந்து போய் எண்ணிச் சொல்கிறது. பத்தாயிரம் எழுத்து உள்ள ஸ்ட்ரிங் என்றால் கண்டிஷன் 10,001 தடவை கேட்கப்படும். ஒவ்வொரு தடவையும் பத்தாயிரம் எழுத்து நடை. மொத்தம் சுமார் பத்து கோடி எட்டு! லூப்புக்கு வெளியில் ஒரே ஒரு தடவை நீளத்தைக் கேட்டு ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டால் பத்தாயிரம் எட்டோடு முடிந்தது.

எங்க அப்பா ஒவ்வொரு ஊடை போட்ட பிறகும் எழுந்து போய் பாவு எத்தனை கஜம் என்று அளந்துகொண்டிருந்தால் ஒரு புடவை எப்போது முடியும்? அதைத்தான் அந்த லூப் செய்கிறது. கம்பைலர் கெட்டிக்காரத்தனமாக ஸ்டர்லென்னை வெளியே எடுத்துப் போடுவதும் உண்டு. ஆனால் லூப்புக்குள் நாமே அந்த ஸ்ட்ரிங்கில் எழுதிக்கொண்டிருந்தால், நீளம் மாறுமோ என்ற சந்தேகத்தில் அது பெரும்பாலும் கை வைக்காது. மாறாது என்று நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

"இதெல்லாம் லேப் புரோகிராம் சங்கதி, பெரிய கம்பெனியில் நடக்குமா?" என்று கேட்பீங்க. நடந்தது! நம்ம விடுதிப் பசங்களுக்கு ஜிடிஏ விளையாட்டைத் தெரியாமலா இருக்கும்? அதன் ஆன்லைன் பதிப்பு திறக்கவே நிமிஷக் கணக்கில் காக்க வைக்கும். 2021 பிப்ரவரியில் ஒரு வெளி ஆள், கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாதவர், சோர்ஸ் கோடும் கையில் இல்லாமல், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கடையில் உள்ள பொருள் பட்டியல் சுமார் 10 மெகாபைட் எழுத்தாக வருகிறது. சுமார் 63,000 பொருள். ஒவ்வொரு சின்னத் துண்டைப் படிக்கும்போதும் ஸ்கேன் பங்ஷன் உள்ளுக்குள் ஸ்டர்லென்னைக் கூப்பிட்டு, மிச்சமுள்ள மொத்த எழுத்தையும் கடைசி வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தது. இது போதாது என்று, ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன் "ஏற்கெனவே இருக்கா" என்று முழுப் பட்டியலையும் தேடல். 63,000 பொருளுக்கு அது சுமார் 198 கோடி ஒப்பீடு. இரண்டையும் நிறுத்தியதும் காத்திருக்கும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கம்பெனி அதை ஒப்புக்கொண்டு மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது, அவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசும் கொடுத்தது. ஸ்டர்லென் பாடம் நம்ம முதல் வருஷப் பாடம் நண்பர்களே!

இன்னொரு கணக்கு. பிபோனாச்சி எண்ணை ரிகர்ஷனில் எழுதுவது எல்லார் ரெக்கார்டு நோட்டிலும் இருக்கிறது. நாற்பதாவது எண்ணைக் கேட்டால், எழுதியபடி எண்ணினால் அந்தப் பங்ஷன் 33 கோடியே 11 லட்சத்து 60 ஆயிரத்து 281 தடவை அழைக்கப்படும். அதே விடை சாதாரண லூப்பில் 39 கூட்டலில் வந்துவிடும். இங்கே ஒரு அழைப்புக்கு ஆகும் செலவைப் பாதியாக்கினால்கூட என்ன பிரயோஜனம்? கேட்டதையே திரும்பக் கேட்பதை நிறுத்தினால்தான் விடிவு.

விசில் அடிக்கும் வரை காத்திரு

வீண் அழைப்பில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. மைக்ரோகன்ட்ரோலரில் சுவிட்ச்சை அழுத்தினார்களா என்று லூப்பில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். ஆர்டுவினோ யூனோ நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் கிளாக் துடிப்பில் ஓடுகிறது. மனுஷன் நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவிட்ச்சைத் தொடுகிறான். மற்ற நேரம் எல்லாம் வெட்டி விசாரிப்பு.

அம்மா அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மூடியைத் திறந்து திறந்தா பார்க்கிறார்? தார் சுற்றப் போய்விடுகிறார். விசில் அடித்தால் வருகிறார். இன்டரப்ட் என்பது அந்த விசில்தான். "இது நடந்தால் இந்தப் பங்ஷனுக்குப் போ" என்று முகவரியை முன்கூட்டியே கொடுத்து வைக்கிறோம். நம்ம 8051 பாடத்தில் டைமர் பூஜ்யத்துக்கு 000பி என்ற இடம், வெளி இன்டரப்ட் பூஜ்யத்துக்கு 0003 என்ற இடம் என்று உருப்போடுகிறோமே, அதுவும் "எங்கே போகணும்" என்ற முகவரிச் சமாச்சாரம்தான். உருப்போட்ட இரண்டு மார்க்கும், புரியாமல் விட்ட பங்ஷன் பாயிண்டரும் ஒரே குடும்பம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

கண்மூடி நம்பவும் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லா இடத்திலும் பங்ஷன் பாயிண்டர் போடாதீங்க. "பங்ஷன் பாயிண்டர் போட்டால் புரோகிராம் வேகமாகும்" என்று சில பேர் சொல்கிறார்கள். அப்படிச் சும்மா சொல்லக் கூடாது. முகவரி வழியாகப் போகும்போது, எந்தப் பங்ஷன் என்று கம்பைலருக்குப் பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. தெரியாததை அது உள்ளே பதிக்க முடியாது. லட்சம் எண்ணை க்யூசார்ட்டில் அடுக்கினால் ஒப்பீடு மட்டுமே பதினைந்து, பதினேழு லட்சம் என்று போகும், ஒவ்வொன்றும் பாயிண்டர் வழி அழைப்பு. சி பிளஸ் பிளஸ்ஸின் சார்ட் பல நேரம் இதை முந்துவதற்கு, ஒப்பீட்டை அது உள்ளேயே பதித்துக்கொள்வது ஒரு முக்கியக் காரணம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசசர் பலவீனம் வெளியே வந்தபோது, அதை அடைக்கப் போட்ட தடுப்பால் லினக்ஸ் கெர்னலில் பாயிண்டர் வழி அழைப்புகள் இன்னும் செலவானவை ஆயின. அவசரமான சில இடங்களில் நேரடி அழைப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அப்போ லாபம் எங்கே? இரண்டு இடத்தில். ஒன்று, எழுதும் வேலை குறைகிறது, தப்பு குறைகிறது. இரண்டு, ஒரு தடவை முடிவு எடுத்தால் போதும். லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் "எந்த வரிசை, எந்த வரிசை" என்று இஃப் போட்டுக் கேட்காமல், லூப்புக்கு வெளியில் ஒரு தடவை அட்டையை மாட்டிவிட்டு நெய்ய ஆரம்பிக்கலாம்.

ஆபத்தும் உண்டு. எதையும் வைக்காத பங்ஷன் பாயிண்டரைக் கூப்பிட்டால் புரோகிராம் எங்கேயோ தாவிச் செத்துப்போகும். முதலில் நல் வைத்து, கூப்பிடும் முன் பார்த்துக்கொள்ளணும். பங்ஷன்களை அர்ரேயில் வைத்து மெனு எழுதினால், பயனாளி 9 என்று அழுத்தும்போது நம்மிடம் அத்தனை இருக்கிறதா என்று பார்க்கணும். ஒப்பிடும் பங்ஷனில் "ஏ மைனஸ் பி" என்று சுருக்கமாகத் திருப்பி அனுப்பும் பழக்கத்தையும் விடணும். ஒன்று 200 கோடி, இன்னொன்று மைனஸ் 200 கோடி என்றால் வித்தியாசம் 400 கோடி. நாம் இப்போது பயன்படுத்தும் நாலு பைட் இன்டிஜருக்குள் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் அடங்காது. வரிசை தலைகீழாகப் போய்விடும். பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டே சொல்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல், அளந்து பார்த்துவிட்டுக் கை வைக்கணும். டொனால்டு கனூத் என்ற பேராசிரியர் 1974-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சின்னச் சின்ன வேகத்துக்காக எல்லா இடத்திலும் மண்டையை உடைத்துக்கொள்வது கெடுதல், நேரத்தைத் தின்னும் சில முக்கிய இடங்களில் மட்டும் விடக் கூடாது என்பது அவர் கருத்து. டைம் ஹெட்டரில் கிளாக் என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று போட்டுக் கழித்துப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகுமா? அந்த இரண்டு நிமிஷத்தை அன்று நான் செலவழித்திருந்தால், "மெயினுக்குள் எழுதினால் வேகம்" என்பதற்கு அறுபது பேர் பட்டியலில் ஒரு அர்த்தமும் இல்லை என்று தெரிந்திருக்கும்.

என் வேண்டுகோள்

நண்பர்களே, நம்மில் நிறையப் பேர் வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இல்லாதவர்கள். பட்டணத்துப் பையனுக்கு அண்ணன் இருப்பான், மாமா இருப்பார், சொல்லிக் கொடுப்பார். நமக்கு வகுப்பும், சீனியரும், நூலகமும்தான். சீனியர் "இது வராது, விட்டுடு" என்று சொன்னால் அந்தக் கதவு அன்றோடு சாத்தப்படுகிறது. பரீட்சைக்கு வராமல் போகலாம். இன்டர்வியூவுக்கு வரும், வேலையில் வரும். அங்கே திணறும்போது "பாலிடெக்னிக் பசங்க இவ்வளவுதான்" என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதற்கு நாமே இடம் கொடுக்கலாமா?

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான விண்ணப்பம். பாயிண்டர் பாடம் முடியும்போது ஒரே ஒரு மணி நேரம் க்யூசார்ட்டை மூன்று விதமாக ஓட்டிக் காட்டுங்கள். புத்தகத்தில் பத்து பக்கம் படிப்பதைவிட அது பதியும். சீனியர் அண்ணன், அக்காமாரிடம் ஒரு விண்ணப்பம். "விட்டுடு" என்று சொல்லாதீங்க. "எனக்கும் புரியல, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்க. மாணவர் மன்றத்திடம் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேபைத் திறந்து வைக்க அனுமதி வாங்கித் தாங்க. வீட்டில் கணிப்பொறி இல்லாத பசங்களுக்கு அது பெரிய உதவி.

கடைசியாக ஒன்று. செமஸ்டர் லீவு முடிந்து வந்ததும் அந்த மதிப்பெண் புரோகிராமை மறுபடி எழுதினேன். அடுக்கும் பங்ஷன் ஒன்று. ஒப்பிடும் பங்ஷன் நாலு, ஒவ்வொன்றும் ஐந்தாறு வரி. முழு ஸ்ட்ரக்சரும் சேர்ந்தே இடம் மாறுவதால் ஒருவன் சதவீதம் இன்னொருவன் தலையில் ஏறுவதில்லை. ஐந்தாவதாக ஊர் வரிசையில் அடுக்கலாமே என்று தோன்றியது. ஆறு வரி எழுதினேன், ஓடியது. பழைய வரி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "அட்டையை மாத்திட்டேன்பா, தறி அப்படியே இருக்கு." அப்பா நாடாவை நிறுத்தாமலேயே கேட்டார்: "மார்க்கு எவ்ளோடா?"

அடுத்த தடவை சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லணும்.

வளர்க நம் மாணவர் மன்றம்! வெல்க நம் பாலிடெக்னிக் மாணவர் சமுதாயம்!

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
இரண்டாம் ஆண்டு, கணிப்பொறியியல் பிரிவு